எரியாத மருந்து

மர்சூக் முதலாளிக்கு ஒரு பழக்கம். எந்தக் கடையில் எதை வாங்கினாலும், பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன கிடைத்தது என்று எட்டிப் பார்க்காமல் வீடு திரும்பமாட்டார். மாத்தளை டவுனில் மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்கிறவருக்கு அது தொழில் புத்தி என்று விட்டுவிடலாம். ஆனால் பிடரியில் தேசிக்காய் அளவு கட்டியை வெட்டி எடுத்து, தையல் போட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறக் கிடக்கும்போதும் அந்தப் புத்தி அடங்கவில்லை என்றால் என்ன சொல்வது?

அறுபத்து நாலாம் வருஷம் அது. கொழும்பிலிருந்து புதிதாக ஒரு காயம் கழுவும் மருந்து வந்திருந்தது. ஒப்பரேஷன் முடிந்தவர்களுக்குக் காயம் சீழ் பிடிக்காமல் காப்பதில் பழைய மருந்து கெட்டியா, புதியது கெட்டியா என்று பார்த்துவிட டொக்டர் சந்திரகாந்தா முடிவெடுத்திருந்தார். ஜன்னல் பக்கத்துக் கட்டில்களுக்குப் பழைய மண்ணிற அயடீன், சுவர்ப் பக்கத்துக் கட்டில்களுக்குப் புதிய இளஞ்சிவப்பு மருந்து. அந்த அம்மாவுக்கு ஒளிவு மறைவு தெரியாது. வார்டு நடுவில் நின்றுகொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

“யார்ட காயம் கெதியா சுகமாகுது, யார்ட காயம் சீழ் புடிக்குது, பாப்பம். ஒருத்தரும் எனக்கு அது வேணும், இது வேணும் சொல்ல வேணாம். ஹரித? சரியா?”

எல்லோரும் தலையாட்டினார்கள். மர்சூக்கும் ஆட்டினார், தையல் இழுக்காத அளவுக்கு.

மறுநாள் காலையில் காயம் கழுவுகிற நர்ஸ் மிஸ்ஸி வந்தாள். ஜன்னல் பக்கத்தில், மர்சூக்குக்கு நேர் எதிர்க் கட்டிலில், ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து நடராஜா கிடந்தான். அவனுக்கும் பிடரியில்தான் கட்டி, அதே நாளில்தான் ஒப்பரேஷன். மண்ணிற மருந்து பட்டதும் அவன் போட்ட கூச்சலில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்து போயின. அடுத்து மர்சூக்கின் முறை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். குளிர்ந்த ஏதோ ஒன்று பிடரியில் வழிந்தது. அவ்வளவுதான். மிஸ்ஸி போய்விட்டாள்.

மர்சூக் தலையைத் தூக்கி அவள் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார். எரியவே இல்லையே! இது மருந்தா, தண்ணீரா? சரக்கில் கலப்படம் செய்கிற விதங்கள் அத்தனையும் தெரிந்த மனிதர் அவர். எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது. போத்தலில் முக்கால்வாசி தண்ணீர்தான், சந்தேகமே இல்லை என்று தீர்மானித்துவிட்டார்.

வேறு சமயமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமை மகள் நூருன்னிஸாவின் நிக்காஹ். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளைக் கொடுக்க வேண்டியவர் வாப்பா. அவருக்கு முடியாவிட்டால் இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுக்கலாம், மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. அந்த இன்னொருவர் யார் என்பதுதான் வயிற்றெரிச்சல். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில், மர்சூக்கின் கூடப்பிறந்த தம்பி இத்ரூஸை விட்டால் ஊர் வேறு யாரைக் கைகாட்டும்?

இத்ரூஸோடு பேச்சுவார்த்தை நின்று பல வருஷம். ஒருநாள் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, அண்ணன் என்றும் பாராமல் நானாவின் மிளகுச் சாக்கில் கையை விட்டு, பப்பாளி விதை மூன்றைப் பொறுக்கி எடுத்து, உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டிவிட்டுப் போனவன் அவன். அப்படிப்பட்டவன் கையிலா மகளின் நிக்காஹ்?

பார்க்க வந்த மனைவி மஸீஹா இடியப்பப் பொதியை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “இத்ரூஸ் தம்பி புதுக் கோட்டு தைக்கக் குடுத்தீக்கியாம்.”

“என்னத்துக்காம்?”

“ஒங்களுக்கு ஏலாமப் போனா...”

மர்சூக் இடியப்பத்தைத் தொடவில்லை.

அன்று மாலையே எதிர்க் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தார். “நடராஜா, அந்த மருந்து நல்லா எரியுதோ?”

“ஏன் மொதலாளி கேக்குறீங்க, உசுரே போவுதுங்க.”

“எரிஞ்சாத்தான் மருந்து. ரெண்டு நாள்ல சொகமாகி வீட்டுக்குப் போயிருவாய்.”

அதைக் கேட்டதும் நடராஜாவின் முகம் செத்துப்போயிற்று. “போவச் சொல்லிருவாங்களா? இங்க பாண், முட்டை, பால் டீ. ஒரு கங்காணி சத்தம் கெடையாது. வீட்டுல மாமியார் வேற வந்து குந்தியிருக்குங்க. நான் மெதுவாப் போறேங்க மொதலாளி.”

மர்சூக்கின் கண்கள் மின்னின. அவருக்கு அவசரம், இவனுக்கு அவசரமே இல்லை. அவருக்கு எரிகிற மருந்து வேண்டும், இவனுக்கு எரியாதது வேண்டும். இதைவிடச் சுத்தமான வியாபாரம் உலகத்தில் எங்கே நடக்கும்? அரைப் பாக்குப் போடும் நேரத்தில் பேச்சு முடிந்தது.

வழியும் சுலபமாக இருந்தது. காயம் கழுவுவது விடிகாலையில், டொக்டர் வருவது வெயில் ஏறிய பிறகு. ஒப்பரேஷனுக்காக இருவர் தலையையும் பின்பக்கம் மழித்திருந்தார்கள். குப்புறப் படுத்து, முகத்தைத் தலையணையில் புதைத்து, கழுத்து வரைக்கும் போர்வையை இழுத்துவிட்டால் முதலாளி எது, தொழிலாளி எது என்று எந்த மிஸ்ஸிக்கும் தெரியாது. மர்சூக்கின் உடம்புக்கு ஈடாக நடராஜா வயிற்றுக்கு இரண்டு பக்கமும் தலையணை செருகிக்கொண்டான். மிஸ்ஸிக்கோ வார்டு முழுக்க வேலை. கட்டில் இலக்கத்தைப் பார்த்தாள், மருந்தைப் போட்டாள், நகர்ந்தாள். அவள் போனதும் இருவரும் தத்தம் கட்டிலுக்கு ஓடிவிடுவார்கள். வார்டே போர்வைக்குள் சிரித்தது. ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை.

முதல் நாள் அயடீன் பட்டபோது மர்சூக்குக்குக் கண்ணீர் முட்டியது. ஆனால் எவ்வளவு சந்தோஷம்! இதுவல்லவோ மருந்து! அத்தோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. நிறுத்தாமல் பேரம் பேசுவது ரத்தத்தில் ஊறியது அல்லவா? தலையணைக்குள்ளிருந்தே குரலை மாற்றி, “மிஸ்ஸி, இன்னங் கொஞ்சம் போடுங்க” என்றார். அவளும் பாவம், ஊற்றினாள். போதாததற்கு, மிஸ்ஸி திரும்பிய நேரத்தில் மருந்தில் நனைந்த பஞ்சு ஒன்றை எடுத்து ஒளித்துவைத்து, தனியாக இருக்கும்போதெல்லாம் துணிக்கட்டை விலக்கித் தேய்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை டொக்டர் சந்திரகாந்தா இருவர் கட்டையும் பிரித்துப் பார்த்தார். நடராஜாவின் காயம் கோடு கிழித்தது போலக் காய்ந்து கிடந்தது. மர்சூக்கின் பிடரியோ, அயடீனின் மண்ணிறமே தெரியாத அளவுக்குச் சிவந்து, வீங்கி, கொப்புளித்து, தையல் ஓரத்தில் சீழ் கசிந்தது.

“அனே! புது மருந்து சரியில்ல,” என்றார் டொக்டர். முகம் வாடிவிட்டது. “மிஸ்ஸி, புதுப் போத்தல் எல்லாம் திருப்பி அனுப்புங்க. நாளைல இருந்து எல்லாருக்கும் அயடீன். நடராஜா, நீங்க இன்டைக்கே வீட்ட போகலாம்.”

சுவர்ப் பக்கத்துக் கட்டில்களில் சிரிப்பு அடங்கிவிட்டது. எரியாமல் நன்றாக இருந்தவர்கள் எல்லோரும் மர்சூக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். நடராஜா அழாக்குறையாக நின்றான்.

மர்சூக் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் நாளைக்கும் அதே அயடீன், இந்தப் புண்ணின் மேல்! அந்த நினைப்பு வந்த மாத்திரத்தில் மானம் என்ன பெரிய மானம் என்று தோன்றிவிட்டது.

“டொக்டர், அந்த மருந்துல குத்தமில்ல,” என்றார். “மாத்திப் படுத்தது நாங்க.” பிறகு பஞ்சு உட்பட எல்லாம் வெளியே வந்தது.

டொக்டருக்கு வந்த கோபத்தில் தமிழ் மறந்து சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். அது முழுதும் விளங்கியதுதான் மர்சூக்கின் கஷ்டகாலம். கடைசியில் தீர்ப்பு வந்தது. இரண்டு பேரும் வார்டை விட்டு அசையக்கூடாது, இருவர் காயமும் கண்முன்னால் ஆறவேண்டும். நடராஜாவின் முகம் மலர்ந்தது. மர்சூக் முதலாளி, அத்தனை பெரிய மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி விம்மிவிட்டார். மகள், நிக்காஹ், மாப்பிள்ளையின் கை என்று துண்டு துண்டாகச் சொன்னார். டொக்டரின் குரல் தணிந்தது.

“நோயாளி பாக்குற நேரத்தில இங்க வெச்சு எடுங்க. நாலு பேர் மட்டும்தான் உள்ள வரலாம்.”

ஞாயிற்றுக்கிழமை மாலை மர்சூக் தொப்பி போட்டு, வெள்ளைச் சட்டை மாட்டி, கழுத்தைத் திருப்ப முடியாமல் நேராக உட்கார்ந்திருந்தார். முதலில் நிக்காஹ் நடத்திவைக்கும் லெப்பை வந்தார். அடுத்து உக்குவளையிலிருந்து மாப்பிள்ளை. பிறகு சாட்சிக்கு மச்சான் யஹ்யா. நாலாவதாக, இரண்டாம் சாட்சியாக, ஒரு புதுக் கோட்டு கதவில் தயங்கி நின்றது. மஸீஹாவின் வேலை!

“வா,” என்றார் மர்சூக். வேறு என்ன சொல்வது? சாட்சி இரண்டு வேண்டுமே.

மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, லெப்பை சொல்லிக்கொடுத்ததைச் சொல்லி, மகளை அவரே கொடுத்தார். ஜன்னல் பக்கமிருந்து நடராஜா கைதட்ட, வார்டு முழுக்கக் கைதட்டியது. துஆ முடிந்து பேரீச்சம்பழம் பங்கிடும்போது டொக்டர் வந்து மர்சூக்கின் பிடரியைப் பார்த்தார். இப்போது இளஞ்சிவப்பு மருந்துதான். சிவப்பு வடிந்து வந்தது.

இத்ரூஸ் மெல்லக் கேட்டான். “டொக்டர், நானாட காயம் எந்த மருந்துட கணக்குல சேருது?”

“ஒண்டுலயும் இல்ல. அந்த ரெண்டு கட்டிலையும் தள்ளிட்டேன்,” என்றார் அந்த அம்மா, ஒன்றும் அறியாமல். “கலப்படச் சரக்க நான் கணக்குல எடுக்கிறல்ல.”

இத்ரூஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு கோட்டுப் பொத்தானைத் திருகினான். தோள் குலுங்குவதை மட்டும் அவனால் மறைக்க முடியவில்லை. மர்சூக்குக்கும் உள்ளே என்னவோ பொங்கிக்கொண்டு வந்தது. சிரித்தால் தையல் இழுக்கும். இழுத்தது. இழுத்தாலும் சிரித்தார்.

“மூணு விதை, மூணு விதைன்டு ஊரெல்லாம் செல்லித் திரிஞ்சாய்,” என்றார் தம்பியிடம், பேரீச்சம்பழத்தை நீட்டிக்கொண்டே. “அந்தச் சாக்குல ரெண்டுதான்டா ஈந்திச்சி.”