தனுஷ்கோடி தட்டியதை ஒப்புக்கொண்ட நாள்

பால்கோவாக் கடையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த பாண்டிசெல்வி அவனை முகத்தை வைத்து அடையாளம் காணவில்லை, காதை வைத்துத்தான் கண்டாள். மல்யுத்தம் பிடித்துப் பிடித்து மடிந்து தடித்துப்போன இடது காது. ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற குன்றிலுள்ள பெருமாளைச் சேவித்துவிட்டு, மனைவியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதிக்கு வந்திருந்தான் தனுஷ்கோடி.

"நீங்க சோலைராஜ் அக்காதான?" என்றான்.

அவள் பெட்டிக்கு நூல் சுற்றினாள்.

சோலைராஜ் அவளுடைய தம்பி, பிறவியிலேயே காது கேளாதவன். ராஜபாளையத்தில் மல்யுத்தம் பழகி, பிறகு குத்தும் உதையும் கலந்த எம்.எம்.ஏ. கூண்டுச் சண்டைக்குப் போனான். பயிற்சியாளருக்குச் சைகை தெரியாது. அதனால் அக்காவும் கூடப் போனாள். கம்பிக்கு வெளியே நின்று, பயிற்சியாளர் கத்துவதையெல்லாம் கையால் சொல்லுவாள். கடைசிப் பத்து வினாடி என்றால் கூண்டின் தரையில் ஓங்கி அறைவாள். அந்த அதிர்வு அவன் பாதத்துக்குத் தெரியும்.

ஆறு வருஷம், ஒன்பது சண்டை. கோயம்புத்தூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து சண்டையை முதலிலிருந்து கையாலேயே மறுபடி நடத்துவார்கள். இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறார்கள் என்று ஒருமுறை யாரோ கண்டக்டரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்படிச் சிரித்த சிரிப்பு அதற்குப் பிறகு அவளுக்கு வாய்க்கவே இல்லை.

ஏழாவது சண்டை பெங்களூரில், தனுஷ்கோடியோடு. சோலைராஜ் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்துவிட்டான். தனுஷ்கோடி அவன் கையில் இரண்டு தட்டுத் தட்டினான். தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். சோலைராஜ் உடனே பிடியை விட்டு எழுந்தான். நடுவர் மறுபக்கம் நின்றதால் பார்க்கவில்லை. சண்டை முடியவில்லை என்று அவர் சொன்னது சோலைராஜுக்குக் கேட்கவில்லை. எச்சரிக்க வேண்டி அவள் தரையை இரு கையாலும் அறைந்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தாடையில் குத்து விழுந்தது; அதோடு தோற்றுப்போனான். தான் தட்டவேயில்லை என்று தனுஷ்கோடி அன்று சாதித்தான்.

அதற்குப் பிறகு சோலைராஜ் இரண்டே சண்டைதான் போட்டான். எட்டு வருஷமாக அவன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருக்கிறான். மெஷின் இரைச்சலில் அங்கே எல்லோருமே கையால்தான் பேசிக்கொள்வார்கள். அவனுக்கு அது பிடித்திருந்தது.

"நான் தட்டுனேன்க்கா," என்றான் தனுஷ்கோடி. அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீக? அவன்கிட்ட சொல்லுங்க. நாலரைக்கு ஷிப்ட் முடியும்."

தனுஷ்கோடியின் காரிலேயே மூவரும் போனார்கள். மில் கேட்டில் சோலைராஜ் முடியெல்லாம் பஞ்சோடு வந்தான். தனுஷ்கோடி சொல்வதைப் பாண்டிசெல்வி ஒரு வார்த்தை விடாமல் கையால் சொன்னாள். சோலைராஜ் கையாலேயே பதில் சொன்னான்.

"என்னக்கா சொல்றான்?"

"மன்னிப்பெல்லாம் வேண்டாமாம். போன்ல வீடியோ எடுத்துச் சொல்லச் சொல்லுதான். தன்கூடச் சண்டை பழகுனவுக அம்புட்டுப் பேரும் பாக்கணுமாம்."

தனுஷ்கோடி முகம் கறுத்தது. ஆனாலும் கேட் சுவரோரம் நின்று ஊர், பெயர், தேதியோடு நடந்ததைச் சொன்னான். பக்கத்தில் நின்று அவள் சைகை செய்தாள். போனைப் பிடித்திருந்தது அவன் மனைவி.

கார் போன பிறகு, இத்தனை வருஷமாகக் கேட்காததைப் பாண்டிசெல்வி தம்பியிடம் கையால் கேட்டாள். 'நான் அறைந்ததால்தானே திரும்பினாய்?'

சோலைராஜ் வியப்போடு அவளைப் பார்த்தான். 'அதற்கு முன்பே உன் பக்கம் திரும்பிவிட்டேன். ஜெயித்ததை யாரிடம் காட்டுவேன்?'

பாண்டிசெல்விக்குக் கண் நிறைந்தது. அவன் அதைக் கவனிக்காதவன்போல் டீக்கடைக்காரரிடம் இரண்டு விரலைக் காட்டினான்.