பல்லிக் குதிரை

“சுவர்ல படம் வரைஞ்சா கணக்கு வந்துடுமா?” என்று கேட்டார் கணக்கு சார்.

கேட்ட இடம் ஆசிரியர் அறை. கேட்கப்பட்டவர் டிராயிங் டீச்சர். இருவரும் கணவன் மனைவி என்பதால் மற்றவர்கள் டீயை வழக்கத்தைவிட மெதுவாகக் குடித்தார்கள்.

பேச்சு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பற்றி. வருகைப் பதிவேட்டில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் பள்ளிக்கூடம் முழுக்க அவள் ‘கொட்டாவி’தான். பாடம் தொடங்கியதும் அவள் வாய் திறக்கும். மணி அடித்ததும்தான் மூடும்.

கணக்கு சார் அவளுடைய விடைத்தாளை மேஜையில் போட்டார். சுலபமான கணக்குகள் எதையும் அவள் தொடவில்லை. அந்த இடத்தில் சாரின் மூக்குக் கண்ணாடி, உடைந்த காதுக் கம்பி உட்பட, அச்சு அசலாக வரையப்பட்டிருந்தது. கடைசிக் கணக்கு கடினமானது. அதற்கு ஒரே வரியில் விடை மட்டும் எழுதியிருந்தாள். சரியான விடை.

“ஸ்டெப்ஸ் எங்கே? காப்பி அடிச்சிருப்பா.”

“யாரைப் பார்த்து?” என்றார் டிராயிங் டீச்சர். “அந்தக் கணக்கை வேற யாருமே போடலைன்னு நேத்து ராத்திரி சாப்பிடும்போது புலம்பினது நீங்கதானே?”

சாருக்குத் திடீரென்று டீயில் சர்க்கரை போதவில்லை.

தலைமை ஆசிரியை இருவரையும் பார்த்தார். “அவ அம்மாவை மூணு தடவை வரச் சொல்லியாச்சு. வரலை.”

“டவுன் பஸ் ஓட்டுறாங்க மேடம். தினமும் நம்ம வாசல்லதான் பஸ் நிக்குது. நடுவுல இறங்கி வந்தா உள்ளே இருக்கிறவங்க சும்மா விடுவாங்களா?” என்றார் டிராயிங் டீச்சர்.

“சரி. அந்தப் பொண்ணு எதையும் ஆரம்பிச்சு முடிச்சு நான் பார்த்ததில்லை. ரோட்டோரச் சுவர் அழுக்கா கிடக்கு. அதுல ஒரு படத்தை ஒழுங்கா முடிச்சுக் காட்டட்டும். மறுதேர்வு வைக்கிறேன். இல்லேன்னா அடுத்த வருஷமும் இதே ஒன்பதாம் வகுப்புதான்.”

சேதி சொன்னபோது கொட்டாவி பாதிக் கொட்டாவியில் நின்றாள்.

“எவ்வளவு பெரிய சுவர் மிஸ்?”

“முழுசும் உனக்குத்தான். உதவிக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைங்க வருவாங்க. என்ன வரையப் போறே?”

“குதிரை. ஓடுற குதிரை.” பிறகு கேட்டாள்: “நீளமான கயிறு கிடைக்குமா மிஸ்?”

பெயின்ட் கேட்பாள் என்று நினைத்திருந்த டீச்சர் கயிற்றைத் தேடிப் போனார்.

முதல் நாளே ரகளை. கொட்டாவியின் தலைக்குள் குதிரை முழுதாக நின்றது. கையில் தூரிகையோடு நின்றவர்களுக்கு அது தெரியவில்லை. “நீ இங்கே வளை, நீ அங்கே இழு” என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். மாலையில் பார்த்தால் குதிரையின் வயிறு கூடாரம்போல மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

“எத்தனை தடவை சொல்றது? இது கூடவா புரியாது?”

ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தூரிகையைக் கீழே வைத்தாள். “உன் மண்டைக்குள்ளே நாங்க எப்படிக்கா எட்டிப் பார்க்கிறது?”

கொட்டாவி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ஒரு பெட்டி சாக்பீஸை நீட்டினார்.

மறுநாள் காலை, பஸ் நிறுத்தத்தில் தொடங்கிச் சுவரோரமாகவே நடைபாதை முழுக்க எழுத்துகள். எங்கே நிற்பது, கயிற்றை எங்கிருந்து பிடித்து அளப்பது, இந்தக் கட்டம் ஒரு சாண் என்றால் அடுத்தது ஏன் ஒன்றரைச் சாண், அதற்கடுத்தது ஏன் இன்னும் பெரிது என்று வரிவரியாக எழுதியிருந்தாள். புரியாத இடத்தில் சின்னவர்கள் உட்கார்ந்து கத்துவார்கள். அவள் ஓடி வந்து நடுவில் இன்னொரு வரி சேர்ப்பாள். கூடாரம் இறங்கி வயிறானது. அந்த வாரம் அவள் கொட்டாவி விடவே மறந்துபோனாள்.

“எங்கேயிருந்து பார்க்கணும்?” என்று டீச்சர் கேட்டதற்கு மட்டும், “முடியட்டும் மிஸ்” என்றாள்.

முடிந்தது. தலைமை ஆசிரியை சுவருக்கு எதிரே வந்து நின்றார். பின்னங்கால்கள் சிறுத்திருந்தன. உடல் நீண்டுகொண்டே போனது. கடைசியில் படகு அளவுக்கு ஒரு தலை.

“இது என்ன?”

“குதிரை மேடம்” என்றார் டிராயிங் டீச்சர். குரலில் அவ்வளவு உறுதியில்லை.

“பல்லி மாதிரி இருக்கு. அதுவும் எதையோ முழுங்கின பல்லி.”

“இங்கேருந்து பார்த்தா அப்படித்தான் மேடம் தெரியும்” என்றாள் கொட்டாவி.

“பின்னே எங்கேருந்து பார்க்கணும்?”

அவள் காது சிவந்தது. “அது... உங்களால முடியாது மேடம்.”

அவ்வளவுதான். “சாயங்காலமே வெள்ளை அடிச்சிடுங்க” என்றார் தலைமை ஆசிரியை. “மறுதேர்வும் கிடையாது.”

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார் கணக்கு சார்.

“மிதிக்காதீங்க” என்றார் மனைவி எரிச்சலாக. “பிள்ளைங்க எழுதினது.”

சார் குனிந்தார். ஒரு வரி படித்தார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அடுத்த வரிக்குப் போனார். நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே நடைபாதை முழுவதையும் படித்தார். பழக்க தோஷத்தில் கை சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தது. திருத்த எதுவும் கிடைக்காமல் திரும்ப வைத்தது.

“வடிவொத்த முக்கோணங்கள்” என்று முணுமுணுத்தார். “ஒரு ஸ்டெப்கூட விடலை.”

“அப்போ குதிரை சரியா?” என்றார் மனைவி.

“கணக்கு சரி. குதிரையைப் பத்தி எனக்குத் தெரியாது.” பஸ் நிறுத்தத்தில் முதல் வரி இருந்தது. அங்கே போய் நின்று சுவரைப் பார்த்தார். பல்லி கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் கோணல் போகவில்லை. மறுபடி கீழே பார்த்தார். “கண்ணோட உயரம் ஏழு அடின்னு போட்டிருக்கா. ஏழடியில யாருக்குக் கண் இருக்கு?”

பதில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது.

சார் பஸ்ஸின் முன்கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் கொட்டாவியின் அதே மூக்கோடு ஒரு பெண். சார் கொட்டாவியைப் பார்த்தார். அவள் தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

“மேடம், பஸ்ல ஏறுங்க” என்றார் சார்.

“எதுக்கு? எனக்கு எங்கேயும் போக வேணாம்.”

“நீங்க எங்கேயும் போக வேணாம். ஏறினா போதும்.”

தலைமை ஆசிரியை ஏறினார். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். சுவரே தெரியவில்லை. பிடரி மயிர் பறக்க ஒரு குதிரை, பஸ்ஸோடு பந்தயம் கட்டியதுபோல முன்னால் பாய்ந்துகொண்டிருந்தது. அவர் பின்வாங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு வாரமா எனக்குக் குதிரைதான் தெரியுது” என்றார் அம்மா. “நீங்க ஏன் எல்லாரும் எதிர்ல நின்னு தலையைச் சொறியறீங்கன்னுதான் புரியலை.” பிறகு கொஞ்சம் தயங்கினார். “மேடம், மூணு தடவை கூப்பிட்டிருந்தீங்க. இப்போ வந்திருக்கேன். கண்டக்டர் விசில் அடிக்கிறதுக்குள்ள சொல்லிடறீங்களா?”

தலைமை ஆசிரியை குதிரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “திங்கட்கிழமை மறுதேர்வு. சீக்கிரம் தூங்க வையுங்க.”

பின் இருக்கையிலிருந்து யாரோ, “வண்டி போகுமா, இல்லே குதிரையிலயே போயிடட்டுமா?” என்று கேட்டார்கள்.

மறுதேர்வு விடைத்தாளைக் கணக்கு சார் வீட்டுக்கே கொண்டுவந்து திருத்தினார். டிராயிங் டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“ஒரே கணக்குக்கு நாலு பக்கம் எழுதியிருக்கா. ‘இந்த இடத்தில் சின்னவர்களுக்குக் குழப்பம் வரும், கவனம்’னு நடுவுல எனக்கே புத்திமதி வேற.”

“நீங்கதானே ஸ்டெப்ஸ் கேட்டீங்க? மார்க் எவ்வளவு?”

“பத்தாம் வகுப்புக்குப் போறா. இப்போ திருப்தியா?” பேனாவை மூடினார். “என் கண்ணாடியை மறுபடி வரைஞ்சிருக்கா. இந்தத் தடவை உடைஞ்ச காதுக் கம்பியைச் சரி பண்ணி.”

மறுநாள் காலை ஸ்கூட்டர் கிளம்பவில்லை என்று சொல்லி அவர் பஸ்ஸுக்குப் போனார். அதற்கு மறுநாளும் கிளம்பவில்லை. முன்னிருக்கை கிடைக்க வேண்டுமென்றால் கொஞ்சம் சீக்கிரமே போக வேண்டியிருந்தது.

டிராயிங் டீச்சர் அதே ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போய்வந்தார்.