ஐம்பதாவது ரத்ததானம்

நாகர்கோவிலில் ஒவ்வொரு எய்ட்ஸ் தினத்தன்றும் ஜீப்பில் நின்றபடி ஆணுறைப் பாக்கெட்டுகளை வாரி இறைத்துவிட்டு, ஒழுக்கம் பற்றி முக்கால் மணி நேரம் பேசுகிறவர் சுயம்புராஜ். பெயிண்ட் கடை முதலாளி. ரத்ததானக் கழகத்தின் நிரந்தரத் தலைவர். வரும் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஐம்பதாவது ரத்ததானம். வடசேரியில் பதினைந்தடி ஃபிளெக்ஸ் ஏறியாயிற்று. அதில் ஒரு சொட்டு ரத்தத்துக்குள்ளிருந்து கைகூப்பியபடி எழும்புகிறார்.

கொச்சியில் டீலர்கள் மாநாட்டுக்குப் போன இடத்தில், முன்பின் தெரியாத பெண்ணொருத்தியோடு, பாக்கெட் ஏதும் இல்லாமல் படுத்து எழுந்து பத்து நாளாகிறது. ஆறாம் நாளே ஒரு லேபில் விரலில் குத்தி எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டார். நெகட்டிவ். அதை லேமினேட்டும் செய்துவிட்டார். அரசு முத்திரையும் இருந்தால் கௌரவம் என்று, அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. ஆலோசகர் பிரிஜாவின் மேஜையில் கொண்டுவந்து வைத்து, கொச்சி விஷயத்தையும் சொன்னார்.

பிரிஜா தேதியைப் பார்த்தாள். "அண்ணாச்சி, கொச்சிக்குப் போறதுக்கு முந்தி நீங்க எப்படி இருந்தீங்கன்னுதான் இது சொல்லுது. கொச்சியைப் பத்தி இதுக்கு ஒண்ணும் தெரியாது."

"லேமினேட் பண்ணியிருக்கே, மக்களே!"

"விரல்ல குத்துற டெஸ்ட் கிருமியைத் தேடாது. கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்குறதைத்தான் தேடும். அது தெரிய மூணு மாசம் வரை ஆவும். கையில ரத்தம் எடுத்து, கிருமியோட துண்டையும் சேத்துத் தேடுத லேப் டெஸ்ட்னா ஒண்ணரை மாசம். கிருமியையே தேடுத நாட் டெஸ்ட்டுக்கும் பத்து நாள்ல இருந்து ஒரு மாசம் வேணும். இன்னைக்கு எடுக்கலாம். ஆனா நெகட்டிவ்னு வந்தா அதை முடிவுன்னு எடுக்க முடியாது. மூணு நாளுக்குள்ள வந்திருந்தா தடுப்பு மருந்தே குடுத்திருப்போம்."

அந்த மூன்று நாளும் அவர் ஃபிளெக்ஸுக்குப் படம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"முடிவு தெரியுறவரைக்கும் வீட்டுல இது வேணும்," என்று பாக்கெட்டுகளை நீட்டினாள். ஜீப்பிலிருந்து எறிந்த அதே பாக்கெட். "பொறவு, ரத்தம் குடுக்கப்பிடாது."

"ரத்த வங்கியில டெஸ்ட் பண்ணுவாங்கல்லா?"

"அவங்க டெஸ்ட்டுக்கும் இதே கணக்குதான். பிரசவத்துக்கு வந்த எந்தப் பிள்ளைக்காவது ஏத்திருவாங்க, அண்ணாச்சி."

"ஃபிளெக்ஸ் வச்சாச்சே, மோளே!"

"அதைக் கழட்டிரலாம். ஏத்துன ரத்தத்தைக் கழட்ட முடியாது."

ஞாயிற்றுக்கிழமை மேடையில் கட்டில் போட்டிருந்தது. நாற்பத்தொன்பது தடவை வாசிக்காமல் கையெழுத்திட்ட படிவத்தை அன்றுதான் சுயம்புராஜ் வாசித்தார். பாதுகாப்பில்லாத உறவு பற்றிக் கேட்ட வரியில் பேனா நின்றுவிட்டது.

செயலாளர் கிருஷ்ணமணி மைக்கில் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, ஊசின்னா பயமாக்கும்?"

கூட்டம் சிரித்தது. சுயம்புராஜ் மைக்கை வாங்கினார். முக்கால் மணி நேரத்துக்குத் தயாராகச் சிலர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள்.

"ஆமா மக்கா. பயமாத்தான் கிடக்கு," என்றார். இறங்கிவிட்டார்.

போட்டோக்காரர் காத்து நின்றதால் கிருஷ்ணமணியைக் கட்டிலில் தள்ளினார்கள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

கடைக்குப் போன சுயம்புராஜ், தன் படம் போட்ட கழகக் காலண்டரில் விரல் வைத்து எண்ணினார். பிரிஜா சொன்ன ஒன்றரை மாதம் முடிகிற நாற்பத்தைந்தாம் நாள் டிசம்பர் ஒன்று, எய்ட்ஸ் தினம். அன்றைக்கு ஜீப்பும் மைக்கும் ஏற்கெனவே சொல்லியாயிற்று.