கட்டிலோரப் பீப்பாய்

பியூரா நகரின் ஓரத்து மணல்மேட்டுக் குடிசைகளுக்குப் பதினோரு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் லாரி. அதே ஊரில், குடிசைக்காரி நெலிடா துணி துவைக்கப் போகும் பங்களாவில் புல்லுக்கே தினம் இரண்டு வேளை குழாய்த் தண்ணீர். ஆனால் டெங்கு பரவியதும் சுகாதார ஆட்கள் சோதனைக்கு வந்தது குடிசைகளுக்குத்தான். கொசுப்புழு நெளியும் பீப்பாயைக் கண்டால் கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை. மாற்றுத் தண்ணீர் யார் தருவது என்று கேட்டால், அது வேறு இலாகாவாம். நல்ல நியாயம்.

தெருவும் சும்மா இருக்கவில்லை. வெள்ளை மேல்சட்டை தலை காட்டியதும் முதல் வீட்டில் பாத்திரத்தைத் தட்டுவார்கள். பீப்பாய்கள் மறைந்துவிடும். நெலிடா தன்னுடையதை ஆறு வயது மகள் யெய்மியின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தள்ளிப் போர்வையால் மூடினாள்.

"என்னடி, பீப்பாய்க்கு முக்காடா?" என்றாள் பக்கத்து வீட்டு சொய்லா.

"சிரிக்காதக்கா. இதையும் கொட்டிட்டா எம்புள்ள எதைக் குடிப்பா?"

வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, 'கொசு இல்லாத வீடு' என்று கதவில் தாள் ஒட்டிப் போனார்கள். மறுபடி வந்தால் என்ன செய்வது என்று பயந்து, பீப்பாயை அங்கேயே விட்டாள்.

"புழு இருக்கும்மா, வடிச்சுக் குடு," என்பாள் யெய்மி.

"அது ஒண்ணும் பண்ணாதுடி," என்று சொல்லிக்கொண்டே வடித்துக் கொடுப்பாள்.

ஒரு வாரத்தில் யெய்மிக்குக் காய்ச்சல் கொதித்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, நடைபாதை பெஞ்சுதான்.

"வீட்டுல தண்ணி சேத்து வெச்சிருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க," என்றாள் நெலிடா, பழக்கதோஷத்தில்.

மூன்றாம் நாள் அந்த பெஞ்சிலேயே குழந்தை போய்விட்டது.

உடலை வீட்டில் கிடத்தித் தெருவே இரவு முழுக்கக் கண்விழிக்கும்; அதற்கு முன் குளிப்பாட்டவேண்டும். லாரி வர இன்னும் இரண்டு நாள். சொய்லா வீட்டுப் பீப்பாய் காலி. நெலிடா போர்வையை விலக்கினாள். கொசுக்கள் குப்பென்று கிளம்பிக் கட்டில் மேல் பறந்தன. அவளே மூடி வைத்து வளர்த்தவை அவை.

"இந்தத் தண்ணியா வேணும்?" என்று சொய்லா அவள் கையைப் பிடித்தாள்.

"வேற எங்கக்கா போவேன்?"

யெய்மியின் பள்ளிச் சட்டையைக் குடத்தின் வாயில் கட்டி வடித்தாள். துணியில் புழுக்கள் துள்ளின. உதறிவிட்டு மறுபடி வடித்தாள். பிறகு மகளின் நெற்றியில் மெல்ல ஊற்றினாள்.

"ரெண்டு தடவ வடிச்சுட்டேன் கண்ணு," என்றாள். "ஒண்ணுகூட இல்ல."