மேன்மை தங்கிய ஏஜென்சி அதிபர் அவர்களுக்கு

எனக்கு ஒரு நாளைக்கு இருபது கடிதம் வரும். இருபதில் பத்தொன்பது என்னைக் கொதிக்க வைக்கும்.

நான் நுஸ்ஹா. அக்குறணையிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கண்டிக்கு வந்து, ஒரு செருப்புக் கடையின் மேல்மாடியில் இருக்கும் இலக்கிய ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். நாவல் எழுதியவர்கள் எங்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். என்ன கதை, யாருடைய கதை, அவ்வளவுதான், ஒரே ஒரு பக்கம். கூடவே நாவலின் முதல் பத்துப் பக்கங்கள். கடிதம் பிடித்தால்தான் பத்துப் பக்கத்தைப் படிப்பேன். அதுவும் பிடித்தால் முழு நாவலையும் வாங்கி, சென்னையிலோ கொழும்பிலோ ஒரு பதிப்பகத்தைப் பிடித்துக் கொடுப்போம். ஏஜென்சி அரூஸ் நானாவுடையது; மூத்த ஆண்களை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மேசைக்குப் போகுமுன் சலித்தெடுப்பது என் வேலை.

ஒரு பக்கம் என்றால் யாராவது கேட்கிறார்களா? ஒருவர் தான் வாங்கிய பட்டங்களையே மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தார். இன்னொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டு நிற்கும் படத்தை அனுப்பினார், கதையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர், "உங்களைப் போன்ற சிறுபிள்ளைகளுக்கு இது விளங்குமோ தெரியாது" என்று தொடங்கியிருந்தார். விளங்கவில்லை என்றே பதில் போட்டேன். அன்றைக்கு முழுக்க எனக்கு நல்ல சந்தோஷம்.

போன மாதம் சென்னைப் பதிப்பகம் ஒன்று மலையகத்து நாவல் ஒன்று வேண்டும், மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தது. அந்த வாரத்தில்தான் தெல்தெனியவிலிருந்து ஒரு தடித்த கடித உறை வந்தது.

"மேன்மை தங்கிய ஏஜென்சி அதிபர் அவர்களுக்கு, கீழே கையொப்பமிடும் கஜலட்சுமி ஆகிய நான் தங்களிடம் மிகவும் தாழ்மையுடன் அறியத்தருவது யாதெனில், மேற்படி நான் 'ஏழாம் நம்பர் மலை' எனும் நாவலை எழுதி முடித்துள்ளேன். எனது வறிய குடும்ப நிலையைக் கருணையுடன் கவனத்திற்கொண்டு அதற்கு ஆவன செய்யுமாறு..."

கீழே அடையாள அட்டையின் பிரதி, பிறப்புச் சான்றிதழின் பிரதி, கிராம சேவகர் கொடுத்த நற்சான்றிதழ். "இவர் நன்னடத்தை உடையவர் என உறுதிப்படுத்துகிறேன்."

நாவல் அனுப்ப நன்னடத்தைச் சான்றிதழ்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுந்து நின்று அரூஸ் நானாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணீர் வரச் சிரித்தார். கடிதத்தை அவர் வாங்கிக்கொண்டார். குண்டூசி குத்தியிருந்த பத்துப் பக்கத்தையும் மிச்சத்தையும் 'வேண்டாம்' என்ற பெட்டிக்குள் போட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போது ஃபேஸ்புக்கில் அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். 'இப்படியும் எழுதுகிறார்கள்' என்று அரூஸ் நானா தலைப்புப் போட்டு, பெயரை மட்டும் கறுப்பாக அடித்திருந்தார். ஊர் பளிச்சென்று தெரிந்தது, நாவலின் பெயரும் தெரிந்தது. நானூறு பேர் சிரித்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் எங்களுக்குக் கடிதம் எழுதும் எழுத்தாளர்கள். பொன்னாடைக்காரரும் சிரித்திருந்தார்.

மாடிப்படி எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது.

"நானா, அத இப்பவே எடுங்க!"

"என்னத்துக்குப் பாயிற நீ? பேர மறச்சித்தானே போட்டேன்."

"ஊரு தெரியிதே! நாவல்ட பேரு தெரியிதே!"

"நீதானே நேத்து நின்டு வாசிச்சிச் சிரிச்ச?"

அதற்காக நான் விட்டேனா? கத்தினேன். கீழே செருப்புக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கும்வரை கத்தினேன். பகல் சாப்பாட்டுக்கு முன் அதை எடுத்தார். ஆனால் அதற்குள் ஆளுக்கு ஆள் பகிர்ந்து அது எங்கெங்கோ போய்விட்டது.

பின்நேரம் கஜலட்சுமியே போனில் அழைத்தார்.

"மிஸ், அந்தக் கடிதத்த நான் எழுதல. எப்பிடி எழுதணும்னு தெரியல. எங்க பக்கம் ஆபீசுக்கு எது அனுப்புறதா இருந்தாலும் கோர்ட்டுக்கு முன்னால இருந்து மனு, பெட்டிசம் எழுதுற லெட்சுமணன் அண்ணன்கிட்டதான் குடுப்போம். அவரு இப்பிடித்தான் எழுதணும்னு சொன்னாரு. திகன கார்மண்ட் ஃபேக்டரியில என்கூட வேலை செய்றவங்க எல்லாம் போன்ல காட்டிச் சிரிக்கிறாங்க. என் பத்துப் பக்கத்தத் திருப்பிக் குடுத்துருங்க. அதையும் போட்டுச் சிரிக்கிறதுக்கு முந்தி."

அன்றிரவு நான் கொதித்த கொதியில் உம்மா என்னோடு பேசவே பயந்தார். அரூஸ் நானா மேல் கோபம், நானூறு பேர் மேலும் கோபம், கதை எழுதத் தெரிந்த பெண்ணைப் பெட்டிசம் எழுதுபவரிடம் ஓட வைக்கும் இந்த நாட்டு ஆபீஸ்கள் மேல் அதைவிடக் கோபம். அந்தக் கோபத்திலேயே உட்கார்ந்து கஜலட்சுமிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு தரம் கிழித்துப் போட்டு ஐந்தாம் தரம் சரியாக வந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தேன். உழைக்கும் பெண்ணின் குரலை எவரும் எள்ளி நகையாட முடியாது என்று எழுதியிருந்தேன். முழு நாவலையும் தாருங்கள், சென்னைக்கு நானே அனுப்புகிறேன், இல்லாவிட்டால் இந்த வேலையை விடுகிறேன் என்றும் எழுதினேன். உண்மையாகவே விட்டிருப்பேன்.

மறுநாள் பத்துப் பக்கத்தையும் பெட்டியிலிருந்து எடுத்து, என் கடிதத்தோடு பைக்குள் வைத்துக்கொண்டு தெல்தெனிய பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க அரூஸ் நானாவுக்குச் சொல்ல வேண்டிய பதில்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

கஜலட்சுமிக்கு நாற்பது வயதிருக்கும். கதிரை கொண்டுவந்து போட்டார், தேத்தண்ணி தந்தார். பிறகு என் கடிதத்தை வாசித்தார். மெதுவாக, ஒரு வரியும் விடாமல் வாசித்தார். என் கடிதத்தை இன்னொருவர் எடைபோடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை.

"நல்லா எழுதியிருக்கீங்க மிஸ்," என்றார். "கதைய வாசிச்சீங்களா?"

நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"பத்துப் பக்கத்துல ஒருத்தர் செத்துப் போறாங்க. யாருன்னு சொல்லுங்க."

கோபப்பட நேரம் இருந்தது. ஐந்து தரம் கடிதம் எழுத நேரம் இருந்தது. ஒன்றரை மணித்தியாலம் அந்தப் பக்கங்களை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"இப்ப வாசிக்கிறேன். இங்கயே இருந்து வாசிக்கிறேன்," என்றேன்.

"வேணாம் மிஸ். வாசிச்சிட்டு நல்லா இல்லன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன். அவ்வளவுதான்."

அவர் கையை நீட்டினார். நான் பையைத் திறந்து பக்கங்களை எடுத்தேன். அவர் குத்திய குண்டூசி இன்னும் கழற்றப்படாமல் அப்படியே இருந்தது. அவரும் அதைத்தான் பார்த்தார்.