முன்பல்லில் இருந்த வெள்ளை நூல்

தையல்காரம்மாவின் விரிசல் விட்ட முன்பல்லை, மேலே உறைபோலக் கேப் போடுவதற்காகச் சுற்றிலும் தேய்த்தபோது, உள்ளேயிருந்து நூல் வந்தது. முதலில் பள்ளிச் சீருடை நீலம், பிறகு திரைச்சீலைப் பச்சை, அப்புறம் எந்தத் துணியென்று அவளுக்கே ஞாபகமில்லாத நிறங்கள். கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடந்தும் ஆயுசு முழுக்க நூலைப் பல்லால் கடித்தே அறுத்தவள். அதெல்லாம் எங்கேதான் போகும்? பல் டாக்டரம்மா அலட்டிக்கொள்ளாமல் உருவி உருவித் தட்டில் போட்டாள். கடைசியாக எட்டிப் பார்த்த வெள்ளை நூலைத் தொட்டதும் தையல்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அது புருஷனுடைய சட்டை நூல். பட்டன் தைக்க அவள் நூலைக் கடித்துக்கொண்டிருந்தபோதே, "வந்து போட்டுக்கிறேன்" என்று வேறு சட்டையில் கிளம்பிய மனிதர், பஸ் மோதி அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சட்டை இன்னும் பட்டனில்லாமல் ஆணியில் தொங்குகிறது.

"நூல் இருந்தா கேப் சரியா உட்காராதுக்கா. இடுக்குல கிருமி புகுந்து மிச்சப் பல்லும் போயிடும்."

"இதுவும் போனா அவர்கிட்டருந்து எனக்கு வேற என்னம்மா இருக்கு?"

டாக்டரம்மா அந்த நூலை அப்படியே விட்டாள். பல்லுக்கு அளவெடுத்து, தற்காலிகக் கேப் ஒன்றை ஒட்டி, அந்தப் பல்லால் எதையும் கடிக்கக்கூடாது, ஒட்டுகிற மிட்டாய் ஆகாது, கழன்றால் உடனே வரவேண்டும், நிஜக் கேப் வர இரண்டு வாரமாகும் என்றாள்.

"அளவு எடுத்துட்டு ரெண்டு வாரமா? நான் இப்படிச் சொன்னா கடையையே கொளுத்திடுவாங்க!"

நூலின் நுனி கேப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாக்கால் தொட்டால் வாய்க்குள் புருஷன் இருமினார், அதே பழைய இருமல். நாக்கு சும்மா இருக்குமா? ஆனால் நாளாக ஆக ஈறு வீங்கி, இருமல் கம்மிப்போய், மூச்சுத் திணறல் போலக் கேட்க ஆரம்பித்தது. 'ஐயோ, உங்களையும் சேர்த்துல்ல அழுக வைக்கிறேன்' என்று பதறி டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

"எடுத்துடும்மா."

ஒரு பட்டனுக்குப் போதுமான நூல் வந்தது. ஈறு ஆறியதும் நிஜக் கேப் உட்கார்ந்தது. கலர் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, கடிக்கையில் உயரமாக இடித்த இடத்தை டாக்டரம்மா தேய்த்துச் சரிசெய்தாள்.

வீட்டுக்கு வந்து பட்டனைத் தைத்தாள். முடிச்சிட்டதும் பழக்கதோஷத்தில் நூல் வாய்க்குப் போனது. தலையில் அடித்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தாள்.

மறுநாள் காலையில் ஆணியில் சட்டை இல்லை. சாயங்காலம் வியர்வையோடு திரும்பித் தொங்கியது. இப்போதெல்லாம் தினமும் அப்படித்தான்.

"காலர்ல அழுக்கைப் பாரு! எங்கதான் சுத்திட்டு வர்றீங்களோ" என்று திட்டிக்கொண்டே துவைத்துப் போடுகிறாள். பட்டன் கெட்டியாகத்தான் இருக்கிறது.