நமது நிருபர் நாடு திரும்பினார்

நான் நாடு திரும்பிய செய்தியை, திரும்புவதற்கு முன்பே அனுப்பிவிட்டேன். அதனால் திரும்பிவிட்டேன். தவறு என்னுடையதுதான். யார்மேலும் பழி போட வழியில்லை, இருந்திருந்தால் போட்டிருப்பேன்.

எங்கள் தொழிலில் இது வழக்கம். சமாதான மாநாடு என்றால் முதல் நாள் கைகுலுக்குவார்கள். நடுவில் இழுபறி. கடைசி நாள் கட்டித்தழுவுவார்கள். எந்த நாட்டிலும் இதில் மாற்றம் கிடையாது. பத்திரிகையின் வெளியூர்ப் பதிப்போ சாயங்காலமே அச்சுக்குப் போய்விடும். ஆகவே வெளிநாடு போய்ச் சேர்ந்ததும் விடுதி அறையில் உட்கார்ந்து எல்லா நாள் செய்திகளையும் எழுதி வைத்துவிடுவேன். பிறகு நாளுக்கு ஒன்றாக அனுப்புவேன். மிச்ச நேரத்தில் தூங்குவேன். உலக நடப்புகளை நான் பெரும்பாலும் தூங்கித்தான் சேகரித்திருக்கிறேன்.

இந்த முறை முதல் நாள் செய்திக்குப் பதிலாகக் கடைசி நாள் செய்தியை அனுப்பிவிட்டேன். அதன் கடைசி வரி இது: 'இத்துடன் மாநாடு இனிதே நிறைவுற்றது. நமது நிருபர் நாடு திரும்பினார்.'

காலையில் பத்திரிகை வெளிவந்தது. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் பெட்டி கதவைத் திறந்துகொண்டு கிளம்பிப் போயிற்று. பின்னாலேயே என் சட்டை, பேன்ட், செருப்பு. செல்போன் சார்ஜரில் மாட்டியிருந்ததால் தப்பியது. பாஸ்போர்ட் கைலி மடிப்பில் இருந்ததால் தப்பியது. துண்டும் போகவில்லை. அது விடுதியின் துண்டு.

கைலியும் பனியனுமாகக் கீழே இறங்கினேன். வரவேற்பில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்த நாட்டில் வெளியூர்க்காரர்களிடம் நெல்லைத் தமிழ்தான் பேசுவார்கள். அது மரியாதை என்று நினைக்கிறார்கள்.

"என் பெட்டி போயிடுச்சும்மா" என்றேன்.

"நீங்களும் போயிட்டியளே அண்ணாச்சி."

"நான் இங்கே நிக்கறேனே."

"நிக்கிய. நான் இல்லேங்கல. ஆனா ரூம காலி பண்ணிட்டிய."

"எப்போ?"

"நல்லாப் போயிட்டு வாங்க" என்று கும்பிட்டாள்.

நான் வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். சொன்ன தேதிக்கு நான் ஒருமுறைகூட வீடு திரும்பியதில்லை. இந்தத் தடவை வந்துவிடுவேன் என்று மகள் நிறைமதிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்கு காப்பாற்றப்பட்டுவிட்டது. சொன்ன தேதிக்கு முன்பாகவே வந்துவிட்டேன். நான்தான் அங்கே இல்லை.

வீட்டுக்குப் போன் போட்டேன். என் மனைவி அரசி எடுத்தாள். பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் மிக்ஸி ஓடாது. இந்தத் தடவை வந்ததும் சரிபண்ணுகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறேன்.

"அரசி, நான்தான்."

"யாரு?"

"வைத்தி. மிக்ஸி ஓடுது?"

"அவர் வந்ததும் வராததுமா சரிபண்ணிட்டார்."

"எவர்?"

"என்னங்க கேள்வி இது? எங்க வீட்டுக்காரர். டிபன் எடுத்துக்கிட்டு இப்பதான் ஆபீஸ் கிளம்பினார். எதாவது சொல்லணுமா?"

"என்ன டிபன்?"

"இருங்க, தேங்கா போடணும்" என்று வைத்துவிட்டாள். அவள் குரல் நன்றாக இருந்தது. என்னிடம் பேசும்போது அது அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

செய்தி ஆசிரியர் ஞானசிகாமணிக்குப் போன் போட்டேன்.

"சார், நான் இன்னும் மாநாட்டு ஊர்லயே இருக்கேன்."

"மாநாடு முடிஞ்சுடுச்சே."

"இன்னிக்குத்தான் சார் ஆரம்பம்."

"முடிஞ்சுதுன்னு நம்ம பேப்பர்லயே போட்டிருக்கே. நீங்க நம்ம பேப்பர் படிக்கறதில்லையா?"

ஒரு திருத்தம் போடும்படி கெஞ்சினேன். சின்னதாக, உள்பக்கத்தில், ஜோசியத்துக்குக் கீழே போட்டால்கூடப் போதும் என்றேன்.

"திருத்தமா?" என்றார். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல இருந்தது அவர் குரல். "ஒரு தடவை ஒருத்தர் காலமானார்னு போட்டுட்டோம். அந்த மனுஷனே நேர்ல வந்து சண்டை போட்டாரு. அப்பவே போடல."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யறது? காத்துக்கிட்டிருந்தோம்."

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "வாங்க வைத்தி, உக்காருங்க. ஃபேன் போடவா?" என்றார் ஞானசிகாமணி. பிறகு என்னிடம், "சார், நீங்க யாரா இருந்தாலும் அப்புறம் பேசுங்க. வைத்தியலிங்கம் வந்துட்டாரு. ஊர்லேர்ந்து வந்த கையோட பிரமாதமா எழுதியிருக்காரு" என்றார்.

ஃபேன் போடவா என்று என்னை அவர் கேட்டதே கிடையாது.

மாநாடு இன்னும் நடக்கிறது என்று யாராவது பெரிய மனிதர் வாயால் சொன்னால், அதை வைத்துச் செய்தி எழுதலாம். செய்தி வந்தால் நான் திரும்பாதவன் ஆகிவிடலாம். திரும்பாதவன் ஆகிவிட்டால் திரும்பலாம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாநாட்டு மண்டபத்துக்கு நடந்தேன்.

மேடையில் இரண்டு நாட்டு அதிபர்களும் கட்டித்தழுவியபடி நின்றார்கள். நாற்காலிகள் காலி. கோட்டு போட்ட செய்தித் தொடர்பாளர் மட்டும் வாசலில் நின்று நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"மாநாடு முடிஞ்சுதா, இல்லையா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுதுன்னும் சொல்ல ஏலாது. முடியலன்னும் சொல்ல ஏலாது. பேச்சு நல்லபடியாப் போவுது வே."

"யாரும் பேசலையே."

"அதான் நல்லபடியாப் போவுது."

"அவங்க ஏன் அப்படியே நிக்கறாங்க?"

அவர் என்னை வருத்தத்தோடு பார்த்தார். "உம்ம வேலைதான். 'கட்டித்தழுவினர்'னு எழுதுனீரு. விட்டாங்கன்னு எழுதுனீரா?"

நான் எழுதவில்லை. யாரும் எழுதுவதில்லை. விடுவது செய்தி ஆகாது.

மேடை ஏறிப் போனேன். இரண்டு அதிபர்களுக்கும் வியர்த்து ஊற்றியது. உயரமானவர் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"தம்பி, முதுகுல கொஞ்சம் சொறிஞ்சு விடும்."

சொறிந்து விட்டேன்.

"இன்னும் மேல. வலப்பக்கம். அது இல்ல வே, அது அவரு முதுகு."

"இருக்கட்டும், நிறுத்தாதேயும்" என்றார் குள்ளமானவர்.

இருவருக்கும் மாறி மாறிச் சொறிந்து விட்டேன். இந்த நாடுகள் எல்லை ஓரத்தில் ஒருவரையொருவர் பல வருடங்களாகச் சுட்டுக்கொண்டிருந்தவை. உயரமானவர் என் காதோரம், "எங்கள விடச் சொல்லி ஒரு வரி எழுதிப் போடக் கூடாதா? வீட்டுல பிள்ளைக தேடும்" என்றார்.

எழுதினாலும் அச்சில் வராது என்றேன். எனக்குப் பதிலாக அங்கே நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதை விளக்கினேன். அவருக்குப் புரிந்தது. அதிபர்களுக்கு இதெல்லாம் சீக்கிரம் புரிந்துவிடுகிறது. கண் கலங்கினார். இரண்டு கையும் அடுத்தவர் முதுகில் இருந்ததால் அவரால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. நான் துண்டால் துடைத்துவிட்டு, துண்டை அவர் தோளிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

விமான நிலையத்துக்குள் நுழைந்ததும் அதிகாரியின் மேசை கண்ணுக்கெதிரே தெரிந்தது. அதை நோக்கி நடந்தேன். மேசை தள்ளிப் போயிற்று. கூடம் நீண்டுகொண்டே போனது. விளக்குகள் புதிது புதிதாக முளைத்தன. நான் நின்றால் மேசையும் நின்றது. கால் வலித்தது. வருவது வரட்டும் என்று திரும்பி, வாசலைப் பார்த்தபடி ஓர் எட்டு பின்னால் வைத்தேன். மேசை இடுப்பில் இடித்தது.

"என்ன வே, முதுகக் காட்டிக்கிட்டு நிக்கீரு?" என்றார் அதிகாரி. பெரிய மீசை. மீசைக்கு நடுவே மனிதர் சிறிதாகத் தெரிந்தார்.

பாஸ்போர்ட்டைக் கைலி மடிப்பிலிருந்து எடுத்துப் பின்பக்கமாகவே நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்தார்.

"நீரு போயாச்சு."

"எங்கே?"

"வீட்டுக்கு. சவுரியமாப் போய்ச் சேர்ந்துட்டீரு. சந்தோஷம்."

"சேர்ந்தது நான் இல்லை சார். நான் எப்படிப் போறது?"

"போனவங்க போற விமானம் ஒண்ணு இருக்கு. ஏறுதீரா?"

"அது சென்னையில இறங்குமா?"

"சென்னைக்குப் போவும்."

"இறங்குமா?"

"ஜன்னலோரம் வேணுமா வே? நல்லாக் காத்து வரும்."

ஏறினேன். காற்று வரவில்லை. விமானம் பாதி நிரம்பியிருந்தது. எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் இன்ன பத்திரிகை என்று சொன்னதும் மடியிலிருந்த சுண்டலை என் பக்கம் தள்ளினார்.

"உங்க பேப்பர்லதான் நான் காலமானேன்."

சண்டை போட்ட மனிதர் இவர்தான். நான் எங்கள் நிறுவனத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தேன்.

"பரவால்ல தம்பி. நல்லாத்தான் போட்டிருந்தாங்க. தர்மவான்னு ஒரு வார்த்தை வந்துச்சு."

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"படம் மாட்டிட்டாங்க. தினம் புது மாலை போடறா என் சம்சாரம். இருந்தப்ப என் சட்டைக்கு ஒரு பித்தான் தைக்கச் சொன்னா தைக்கமாட்டா."

"நீங்க இறங்கலையா?"

"சுண்டல் உப்பு தூக்கலா இருக்கா?"

"எவ்வளவு காலமா இதுல இருக்கீங்க?"

"மாங்கா போட்டிருந்தா இன்னும் நல்லாருக்கும்" என்றார்.

இரண்டு நாடுகள், ஒரு கடல், மறுபடியும் அதே கடல் என்று நாட்கணக்கில் போனது. கழுத்து வலித்தது. முதுகு மரத்துப்போயிற்று. கழிவறைக்குப் போய்வருவதற்குள் என் இருக்கை மிகவும் பின்னால் போய்விட்டிருந்தது. தேடிப் பிடித்து உட்கார்ந்தபோது பெரியவர் என்னை அடையாளம் தெரியாமல் மறுபடி தான் காலமான கதையை முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை தர்மவானோடு கொடைவள்ளலும் சேர்ந்திருந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் கீழே சென்னை வந்தது. சக்கரம் வெளியே வரும் சத்தம் கேட்டது. எல்லோரும் பெல்ட்டை மாட்டிக்கொண்டோம். சக்கரம் உள்ளே போகும் சத்தம் கேட்டது. எல்லோரும் பெல்ட்டைக் கழற்றினோம். விமானம் ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்ப வந்தது. பிறகு இன்னொரு வட்டம்.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன்.

"இறங்கப் போகுதா, இல்லையாம்மா?"

"டீயா, காபியா சார்?"

"இறங்குமான்னு கேட்டேன்."

"சர்க்கரை போட்டதா, போடாததா?"

பல வருடங்களாக மந்திரிகளிடமும் செயலாளர்களிடமும் கேள்வி கேட்டே சாப்பிட்டவன் நான். பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்பார்கள். அதைத்தான் நான் செய்தி என்று அனுப்பியிருக்கிறேன். காபி என்றேன். டீ வந்தது.

எங்கள் வீடு பழவந்தாங்கலில் இருக்கிறது. விமானம் இறங்கும் பாதைக்கு நேர் கீழே. ஒவ்வொரு விமானத்துக்கும் பாத்திரங்கள் அதிரும். மதி சின்னப்பிள்ளையாக இருந்தபோது எல்லா விமானங்களுக்கும் கையாட்டுவாள். ஏதாவது ஒன்றில் அப்பா இருப்பார் என்று அரசி சொல்லி வைத்திருந்தாள். பெரும்பாலும் நான் எதிலும் இருந்ததில்லை.

ஜன்னலில் முகத்தைப் பதித்தேன். சுரங்கப்பாதை தெரிந்தது. அதில் தண்ணீர் தேங்கியிருந்தது தெரிந்தது. எங்கள் மாடி தெரிந்தது. பால்கனியில் ஓர் ஆள் துவைத்த துணிகளை உதறி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். என் முகம். முடி மட்டும் என்னைவிட அடர்த்தி. அச்சில் போடும்போது படத்தைக் கொஞ்சம் சரிபண்ணித்தான் போடுவார்கள். மதியின் பள்ளிச் சீருடைக்கு அவன் இரண்டு கிளிப் மாட்டினான். நான் என்றால் ஒன்றுதான் மாட்டுவேன். அதுவும் சொன்னால்தான்.

விமானம் ஓசையோடு அவன் தலைக்கு மேல் போனது. அவன் நிமிர்ந்து பார்த்து, ஒதுங்கி நின்று, அலுவலகத்தில் சின்னவர்கள் மூத்தவர்களுக்குச் செய்வதுபோலக் கும்பிட்டான். கெட்டவன் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

விமானத்தில் போன் பேசக் கூடாது. அது பயணிகளுக்கு. நான்தான் வீடு போய்ச் சேர்ந்தவனாயிற்றே. போட்டேன். மதி எடுத்தாள்.

"மதி, அப்பா பேசறேன்."

"எந்த அப்பா?"

"மேலே இருக்கற அப்பா."

போனோடு அவள் பால்கனிக்கு ஓடி வருவது கேட்டது. அவன் உள்ளே போய்விட்டான் போலிருக்கிறது. குட்டியாகத் தெரிந்தாள். இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள்.

"தெரியுதுப்பா. இறக்கை ஓரமா இருக்கீங்க. ஏன் பனியனோட இருக்கீங்க?"

"சட்டை முன்னாடியே வந்துடுச்சு. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"சுண்டல்."

விமானம் திரும்பிற்று. அவள் ஜன்னலை விட்டு நழுவினாள். கடல் வந்தது. கடல் போய் மறுபடி அவள் வந்தாள்.

"அவர் எப்படி இருக்கார்?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்காருப்பா. கணக்கு சொல்லித் தராரு. கோவம் வரதில்ல."

"அம்மா?"

"அம்மா பாட்டுப் பாடறாங்க. அவங்களுக்குப் பாட்டெல்லாம் தெரியும்ப்பா. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

"நான் அவர் இல்லைன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"முதல் நாளே தெரியும். அம்மாவுக்கும் தெரியும்."

கீழே மிக்ஸி ஓடியது. இவ்வளவு உயரத்தில் அது கேட்டிருக்கக் கூடாது. கேட்டது. சக்கரம் வெளியே வந்தது. பெரியவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"மதி, ஒண்ணு கேக்கறேன். சுத்தி வளைக்காம சொல்லணும். எப்படியாவது நான் இறங்கி வந்துடட்டுமா?"

அவள் யோசித்தாள். மூக்கை உறிஞ்சினாள். கையை உயர்த்தி விமானத்துக்கு ஆட்டினாள், சின்னப்பிள்ளையில் ஆட்டியதுபோல.

"நீங்க வந்தா அவரு போயிடுவாரு" என்றாள். "வேணாம்ப்பா."